ஆம்புலன்ஸ் தேவையில்லை, ஆனால் நாளைவரை பொறுக்கவும் முடியாது: எங்கே போவது?

உடனே பார்க்க வேண்டும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. எங்கள் வீட்டில் வந்த தொந்தரவுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். மகனுக்குக் கால் பிசகியது, மகளுக்குக் காது வலி, அம்மாவுக்குச் சிறுநீர் எரிச்சல், கத்தி பட்ட விரல். வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிற வீடு என்பதால் மருந்துக் கடை, தொலைபேசி ஆலோசனை, வீடியோ ஆலோசனை, முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய கிளினிக், குடும்ப டாக்டர், ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு என்று எல்லாவற்றையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது, வலிப்பு, நினைவு தப்புவது, அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் இவையெல்லாம் இந்தக் கட்டுரைக்குள் வராது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கிளினிக் வரிசையில் உட்கார்ந்தால் அந்த நேரம் போய்விடும்.

மற்றவற்றுக்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு இப்போது என்ன செய்ய வேண்டியிருக்கும்? காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டுமா, தையல் போட வேண்டுமா, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, இல்லை விவரம் கேட்டு நாலு வார்த்தை சொன்னால் போதுமா? அதைச் செய்யும் வசதி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறது, கூட்டமில்லை என்பதெல்லாம் அப்புறம்.

மகனுக்குக் கால் பிசகியபோது கணுக்கால் நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரே வசதியுள்ள கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ் வீக்கத்தை விட்டுவிட்டு, கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின் ஓரத்தையும் நுனியையும் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்தும்போது அவர் பார்வை காலில் இல்லை, பையனின் முகத்தில் இருந்தது. பிறகு பாதத்தில் இரண்டு இடங்களை அழுத்தினார். "நாலடி நடந்து காட்டு கண்ணா, நொண்டினாலும் பரவாயில்லை" என்றார். நடந்தான். எக்ஸ்ரே வேண்டாம் என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை இது. அந்த எலும்புகளில் அழுத்தினால் வலியில்லை, நாலடி எடுத்து வைக்கவும் முடிகிறது என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தேவையில்லாத எக்ஸ்ரே பல இதனால் தவிர்க்கப்படுகிறது. நல்ல கிளினிக்கை நான் இப்படித்தான் அடையாளம் காண்கிறேன்: இயந்திரத்துக்கு முன்னால் கை வேலை செய்யும்.

விரலில் வெட்டு விழுந்தபோதும் அப்படித்தான். டாக்டர் ஒவ்வொரு விரல் மூட்டாக மடக்கிக் காட்டச் சொன்னார், வெட்டுக்கு அந்தப் பக்கம் தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். தசைநாணும் நரம்பும் தப்பித்ததா என்று பார்த்த பிறகுதான் தையல் ஊசியை எடுத்தார். விரல் மடங்கவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றால் சின்னக் கிளினிக்கில் தைக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

எல்லாக் கிளினிக்கும் இப்படி இல்லை. இன்னொரு இடத்தில் வாசலில் எக்ஸ்ரே உண்டு என்று பெரிய பலகை. வெகுநேரம் காத்திருந்த பிறகு, வார இறுதியில் அதை இயக்க ஆள் வருவதில்லை என்று சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். வலியோடு இருக்கிற குழந்தையை அலைக்கழிப்பது பெரிய கொடுமை. இப்போதெல்லாம் கிளம்புமுன் போன் செய்து கேட்டுவிடுகிறேன்: டாக்டர் இப்போது இருக்கிறாரா, எக்ஸ்ரே இப்போது எடுப்பீர்களா, இந்த வயதுக் குழந்தையைப் பார்ப்பீர்களா?

தொலைபேசி ஆலோசனையைப் பலர் மதிப்பதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த சேவை. மூச்சு எப்படி இருக்கிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா, கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஆபத்தானவற்றை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதற்கு வருவார்கள், அதனால் கேள்விகளை அலுப்பாக நினைக்காமல் பதில் சொல்லுங்கள். நோயாளி பக்கத்திலேயே இருந்து பேசுங்கள். முடிந்தால் அவரையே பேச வையுங்கள், பேச்சில் மூச்சு வாங்குவது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். வயிற்றுப்போக்கின்போது உப்பு சர்க்கரைக் கரைசலை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ கண் குழிந்தாலோ உடனே கூட்டிப்போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் போனில்தான் தெளிவானது.

வீடியோவைப் பற்றி எனக்கு அரைமனதுதான். தோல் தடிப்பு, ரிப்போர்ட் காட்டுவது, வழக்கமான மருந்தைத் தொடர்வது இவற்றுக்குச் சரி. வயிற்று வலிக்கும் காது வலிக்கும் சரிப்படாது, கை வைத்தோ உள்ளே பார்த்தோதான் ஆக வேண்டும். காய்ச்சலோடு வந்த தடிப்பு, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையவில்லை என்றால் வீடியோவுக்காகக் காத்திருக்கவே கூடாது, நேரே அவசரப் பிரிவு.

மருந்துக் கடைக்காரர் எனக்குச் செய்த பெரிய உதவி, மாத்திரைகளைச் சரிபார்த்தது. பாரசிட்டமால் சாப்பிட்டுக்கொண்டே சளி மாத்திரையும் கேட்டபோது, அதிலும் பாரசிட்டமால் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரல் கெடும்.

அவசரப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு கிடையாது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவரைத்தான் முதலில் உள்ளே எடுப்பார்கள். சாதாரண காய்ச்சலுக்கு அங்கே போய்ப் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கோபப்படுவதில் நியாயமில்லை. ஆனால் அம்மா வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டபோது வேறெங்கும் யோசிக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகத்தான் பேசினார், இருந்தும் அந்த மாத்திரையால் மூளைக்குள் மெதுவாகக் கசிவு வரலாம் என்பதால் உடனே ஸ்கேன் எடுத்தார்கள்.

பார்க்கச் சின்னதாக இருந்தும் தள்ளிப்போடக் கூடாதவை இன்னும் சில உண்டு. நாய் கடித்தால் பல் லேசாகப் பதிந்திருந்தாலும் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி இருக்கும் இடத்துக்கு அன்றே போக வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரின் கண் சிவந்து வலித்தால் கண் மருத்துவர்தான், மருந்துக் கடைச் சொட்டு மருந்து இல்லை. பையன்களுக்கு விதையில் திடீரென்று கடுமையாக வலித்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றுவது எளிது. வெட்கப்பட்டு மறைக்கிற வயது அது. என் மகனிடம் இதை வெளிப்படையாகவே சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

குடும்ப டாக்டரின் அருமை அம்மாவின் சிறுநீர் எரிச்சலில் தெரிந்தது. ஆன்டிபயாட்டிக் முதல் மாத்திரைக்கு முன்னாலேயே சிறுநீர் மாதிரியை வாங்கி கல்ச்சருக்கு அனுப்பினார். அந்த முடிவு வர ஓரிரு நாளாகும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து மாத்திரையை மாற்ற ஒருவர் இருக்க வேண்டும். போகிற போக்கில் நுழையும் கிளினிக்கில் அந்தத் தொடர்ச்சி கிடைப்பதில்லை. அங்கே சோதனை கொடுத்தால், ரிப்போர்ட் யாருக்கு வரும், யார் எனக்குச் சொல்வார்கள் என்று கேட்காமல் நான் வெளியே வருவதில்லை. எரிச்சலோடு குளிர் நடுக்கமும் விலாவில் வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போது கல்ச்சருக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எங்கே போனாலும் கிளம்பும்போது கேட்கிற இன்னொரு கேள்வி, "என்ன ஆனால் மறுபடி வர வேண்டும்?" மகளின் காது வலிக்கு டாக்டர் தெளிவாகச் சொன்னார்: வலிக்கு மருந்து கொடுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குறையும். குறையாவிட்டால் இங்கே வாருங்கள். காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கினாலோ, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு தெரிந்தாலோ இங்கே வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.