ஃப்ளைட்ரேடார்24: "மேல ட்ரோன் நிக்குது"ன்னு சொல்றவங்களுக்கு மொதல்ல இத இன்ஸ்டால் பண்ணி குடுங்க (5க்கு 4)

சென்னைல ஆலந்தூர், கிண்டி, கோட்டூர்புரம் பக்கம் இருக்கறவங்களுக்கு ரொம்பவே யூஸ் ஆகுற ஆப், வானத்துல போற ப்ளைட் எதுன்னு காட்டும். கடல் பக்கத்துலேர்ந்து மீனம்பாக்கம் மெயின் ரன்வேல இறங்குற லைன் நம்ம தலைக்கு மேலதான் போகுது, ராத்திரில நேரா நம்மள பாத்து வர்ற ப்ளைட்டோட லேண்டிங் லைட் நகரவே நகராது, அப்படியே தொங்கிட்டு இருக்கும், சத்தமும் வராது, அவ்ளோதான், அசோசியேஷன் வாட்ஸப் க்ரூப்ல எவனோ வேவு பாக்குறான்னு ஆரம்பிச்சிடுவாங்க. காத்து மாறி ப்ளைட்டெல்லாம் எதிர்ல, மேற்கு பக்கத்துலேர்ந்து இறங்க ஆரம்பிச்சா நம்ம ஏரியா "ட்ரோன்" தானா காணாம போயிடும், அது வேற சந்தேகத்த கிளப்பும் 😄

ஆப்ப தொறந்து கேமராவ வானத்துல காட்டினா எந்த ப்ளைட், எங்கேர்ந்து வருது, எவ்ளோ உயரம்னு வந்துடும். ப்ரீ வெர்ஷனே போதும்.

ஒரு ஸ்டார் ஏன் கட்? ப்ளைட் தானா அனுப்புற சிக்னல வெச்சுத்தான் இது காட்டுது. கல்யாண வீடியோ எடுக்குற ட்ரோன் அந்த சிக்னல் அனுப்பாது, ராணுவ விமானம் ஹெலிகாப்டர் பலதும் தெரியாது. அதனால ஆப்ல இருந்தா அது ப்ளைட். ஆப்ல இல்லன்னா உடனே ட்ரோன்னு முடிவு கட்டக்கூடாது, "தெரியல", அவ்ளோதான்.

புகார் வந்தா இப்படி ஆப்ல பாக்கறத போலீஸும் மொத வேலையா செஞ்சா பாதி கேஸ் அங்கயே முடியும்னு நெனைக்கிறேன். 2024 கடைசில அமெரிக்கால நியூ ஜெர்சி முழுக்க மர்ம ட்ரோன்னு ஒரே களேபரம், எப்பிஐக்கு 5,000க்கு மேல தகவல் வந்துது, அதுல மேற்கொண்டு விசாரிக்கற அளவுக்கு இருந்தது சுமார் 100தான். 2018 டிசம்பர்ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல ட்ரோன் தெரியுதுன்னு சுமார் 1,000 ப்ளைட் பாதிச்சுது, கடைசி வரைக்கும் ஆள் சிக்கல, ஜனங்க பாத்ததுல சிலது போலீஸ் தேடறதுக்கு விட்ட ட்ரோனாவே இருக்கலாம்னு அந்த ஊர் போலீஸ் தலைவரே சொன்னாரு. நம்ம சிட்டி போலீஸுக்கும் 2023லேர்ந்து அடையாறுல தனி ட்ரோன் யூனிட் இருக்கு, நீங்க பாக்கறது அவங்க ட்ரோனாவும் இருக்கலாம், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

ட்ரோன சுட்டுடலாமே, ஜாமர் (சிக்னல தடுக்கற கருவி) போடலாமேன்னு க்ரூப்ல ஈசியா சொல்றாங்க. சுட்டா அது யார் தலைல விழும்? ஏர்போர்ட் பக்கத்துல ஜாமர் போட்டா இறங்குற ப்ளைட்டுக்கே ஆபத்து, அதுவும் தனியாள் ஜாமர் வெச்சிருக்கறதே சட்டப்படி குத்தம். மேல இருக்கறத தொரத்தறத விட கீழ ரிமோட்டோட நிக்கற ஆள ரேடியோ சிக்னல் வெச்சு புடிக்கறதுதான் சரி, ஏர்போர்ட்டுக்கு இவ்ளோ கிட்ட பர்மிஷன் இல்லாம பறக்கவிட்டா 2021 ட்ரோன் விதிப்படி ஆக்‌ஷன் எடுக்கலாம். நெஜமாவே சந்தேகம்னா 100க்கு அடிச்சு டைம், எந்த பக்கம், எவ்ளோ நேரம்னு சொல்லுங்க, ஜூம் பண்ணி ஆடுற வீடியோவால ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னொன்னு, கேமராவ காட்டும்போது ஆப் ப்ளைட்ட தப்பான பக்கம் காட்டுச்சுன்னா போன 8 போடற மாதிரி சுத்துங்க, சரியாயிடும். காசு கட்டற கோல்ட் பிளானும் இருக்கு, எங்க மூணாவது மாடி அங்கிள் அத மெயின்டனன்ஸ் காசுல போடலாமான்னு கேக்கறாரு, என் ஓட்டு இல்ல.