தாது தேட எந்த மின்முறை? நெல்லை மண்ணுக்கு ஓர் அலசல்

போர் போடுமுன் நீரோட்டம் பார்க்க வரும் மின்தடை மீட்டரை நெல்லைச் சீமையில் தெரியாதவர் குறைவு. அதை வைத்தே தாதுவும் தேடலாமே என்பார்கள். தேடலாம்தான், ஆனால் அதை மட்டும் நம்பினால் கைக்காசு போகும். மின்தடை இறங்கியது சல்பைடு (கந்தகம் சேர்ந்த உலோக) தாதுவாலா, களியாலா, நீர் கோத்த மக்கிய பாறையாலா என்று மீட்டர் சொல்லாது. இந்தப் பக்கத்துக் கெட்டியான பாறையான சார்னோகைட்டின் மின்தடை ஆயிரம் ஓம்-மீட்டரைத் தாண்டும். அதே பாறை மக்கிப்போனால் நூற்றுக்கும் கீழே வந்துவிடும். தாழையூத்து போன்ற இடத்தில் படிகச் சுண்ணாம்புக்கல்லும் கடத்தாது, சுற்றுப் பாறையும் கடத்தாது. அங்கே மின்தடையால் பெரிய பலன் இல்லை.

செலவு குறைந்தது எஸ்.பி. எனும் தன்மின்னழுத்த முறை. நாம் மின்சாரம் செலுத்துவதே இல்லை. நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் தொடர்ச்சியாக நீளும் சல்பைடு தாது, தானே ஒரு பேட்டரியாகிவிடும். அதன் தலைக்கு மேல் நூறு முதல் சில நூறு மில்லிவோல்ட் வரை எதிர்மறை அழுத்தம் கிடைக்கும். இதற்கு வேண்டியது செம்புக்கம்பியும் மயில்துத்தக் கரைசலும் கொண்ட இரண்டு நுண்துளைக் கலயங்களும், அவற்றுக்கிடையே அழுத்தம் பார்க்க ஒரு மில்லிவோல்ட் மீட்டரும். கரைசலின் அடியில் கரையாத மயில்துத்தம் எப்போதும் கிடக்க வேண்டும். காலையில் இரண்டையும் ஒரே குழியில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு 5 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் கழுவிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றுங்கள். ஒன்றை நிலையாக நட்டுவிட்டு மற்றதை 10 மீட்டருக்கு ஒருமுறை நகர்த்துங்கள். ஈர மண் தட்டும்வரை ஒரு சாண் தோண்டினால் போதும். வெயில் படாமல் நிழல் பிடிக்க வேண்டும், கலயம் சூடானால் ரீடிங் நகரும். மண் காய்ந்திருக்கிறதே என்று உப்புத்தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அது மின்சாரம் செலுத்தும் கம்பிக்குச் சரி, கலயத்துக்கு விஷம்.

களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தில் இன்னொரு வம்பு: நிலத்தடி நீர் சரிவில் இறங்குவதாலேயே மேட்டுப்பக்கம் எதிர்மறை ஏறும். அந்த எதிர்மறையைத் தாது என்று நினைத்துவிடாதீர்கள்.

பாறைக்குள் தூவினாற்போல் சிதறிக் கிடக்கும் சல்பைடை எஸ்.பி. கோட்டைவிடும், மணிகளுக்கிடையே தொடர்பு இல்லை. அங்கே கைகொடுப்பது ஐ.பி. எனும் தூண்டு முனைவாக்கம். மின்சாரத்தை 2 விநாடி செலுத்தி, 2 விநாடி நிறுத்தி, அழுத்தம் சட்டென விழாமல் மெல்லத் தேயும் விதத்தை அளப்பார்கள். மின்தடையும் கூடவே கிடைத்துவிடும் என்பதால், காசு இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

பாடு அதிகம், அதுவும் உண்மை. தேரியின் காய்ந்த செம்மணலில் மின்சாரம் இறங்காது. ஒரு முனைக்கு ஐந்தாறு இரும்புக் கம்பி அடித்து, இணைத்து, உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டும். கயத்தாறு பக்கத்துக் கரிசலில் மின்சாரம் எளிதாக இறங்கினாலும் மேலேயே ஓடிவிடும், ஆழத்துக்குப் போகாது. களியும் தன் பங்குக்குச் சிறு ஐ.பி. காட்டும். காற்றாலைத் தோட்டங்களில் புதைத்த கேபிளும் எர்த் பட்டையும் தாது போலவே நடிக்கும். செலுத்தும் ஒயரும் அளக்கும் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் பொய்த் தேய்வு வரும், தள்ளிப் போடுங்கள்.

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் மின்சாரம் கடத்துவதால், சல்பைடு போலவே நடித்து மூன்று முறையையும் ஏமாற்றும். கிடப்பது பெரிய திரளாக இருந்தால், அடியில் இருப்பது கனமா லேசா என்று காட்டும் ஈர்ப்பு அளவீட்டில் ஒரு வரிசை ஓட்டிப் பாருங்கள்: கிராஃபைட்டின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 2.2 கிராம், பைரைட் எனும் இரும்புச் சல்பைடின் அடர்த்தி சுமார் 5.