சுவரில் ஒன்றா, மாடியில் ஆறா?

மூன்று கிலோவாட் சோலார் என்று முடிவானதும் பானலில் குழப்பமே இல்லை. 540 வாட்டில் ஆறு. பானல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில்தான் இழுபறி. ஆறையும் ஒரே சரமாகக் கோத்துச் சுவரில் ஒரு ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் வைப்பதா, பானலுக்கு ஒன்றாக அடியில் மைக்ரோ இன்வெர்ட்டர் மாட்டுவதா? நான் ஸ்ட்ரிங் போட்டேன்.

மைக்ரோ விலை கூடுதல். பேட்டரி இல்லையென்றால், கரண்ட் போனதும் இரண்டுமே நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. நிழல் என்று வந்தால் மைக்ரோதான். சரத்தில் எல்லாப் பானலிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒன்றில் ஓலை நிழல் விழுந்தால், நிழல் பட்ட பகுதியைத் தாண்டி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு ஓரளவுதான் காப்பாற்றும். எங்கள் மாடியில் நிழல் என்றால் சாயங்காலத் தண்ணீர்த் தொட்டி நிழல் மட்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது சூடு. சிங்கிள் ஃபேஸ் லைனுக்குள் பவர் சீராகப் போகாது, நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். பானலோ சீராகத் தருகிறது. நடுவில் நின்று அந்த அலைச்சலைத் தாங்குவது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கித் தரும் பாகம். எலக்ட்ரோலைட்டிக் வகை என்றால் உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் பானலுக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள். திரவமே இல்லாத ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்ட மைக்ரோக்களும் உண்டு, வாரன்ட்டியும் நீளம்தான். ஆனால் ஒன்று கெட்டால் மாடியேறிப் பானலைக் கழற்ற வேண்டும். என்னுடையது மாடிப்படிக்கு அடியில், நிழலில். மாதம் ஒருமுறை, சூட்டை வெளியேற்றும் பின்பக்கத் தகடுகளின் இடுக்கைத் துடைப்பேன். போன தடவை இரண்டு பல்லி முட்டை.

ஸ்ட்ரிங்கும் படுத்தாமல் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு காலை, ஐசொலேஷன் ஃபால்ட், அதாவது பானல் பக்கம் மின்கசிவு, என்று காட்டி ஆறு பானலும் சும்மா கிடந்தன. ஒரே ஒரு கனெக்டர் சரியாக அழுந்தாமல் தண்ணீர் இறங்கியிருந்தது. மைக்ரோவாக இருந்தால் அந்த ஒரு பானலோடு போயிருக்கும். தவிர, ஸ்ட்ரிங்கில் மாடியிலிருந்து இறங்குவது 250 வோல்ட் அளவு டிசி. எலக்ட்ரீஷியன் முதலில் டிசி ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கனெக்டரில் கை வைத்தார்.

எனக்கு இரண்டு வருட அனுபவம்தான். பத்தாவது வருடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம். மாமர நிழலில் மாடி இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு மைக்ரோதான் சொன்னேன். பானலைக் கழற்ற ஆள் நிற்க இடம் விட்டு ஸ்டாண்டு அடிக்கச் சொல்லுங்கள் என்றும் சேர்த்து.