கொரங்காட்டைப் பிரிக்கக் கிளுவையா, கம்பியா, சோலாரா?

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களிடம் போய்ச் சுழற்சி மேய்ச்சல் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. சுற்றிலும் கிளுவை என்ற முள்மரத்தால் ஆன உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். இன்றைக்குப் பயிற்சி வகுப்புகளில் புதுப்பெயர் வைத்துத் திரையில் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் மூன்று நான்கு காடு இருந்த குடும்பங்கள் பாகம் பிரிந்து, ஒருவர் கையில் ஒற்றைக் காடுதான் மிஞ்சியிருக்கிறது. அதற்குள்ளேயே மாற்றி மாற்றி மேய்க்க வேண்டுமென்றால் உள்தடுப்பு வேண்டும். எதை வைத்துத் தடுப்பது என்பதுதான் கேள்வி.

என் பங்குக்கு வந்தது நான்கு ஏக்கர். மேச்சேரிச் செம்மறி ஒரு பட்டி, கூடவே காங்கேயம் மாடு, கன்று. தடுப்பு வேலையை முடித்துவிட்டேன் என்பதால் நடுநிலையாக எழுதுவதாக நடிக்கப் போவதில்லை. நான் கிளுவைப் பக்கம். மற்ற இரண்டையும் ஏன் முழுதாக ஒதுக்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். நான்கு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 417 அடி. கூட்டல் குறி போட்டதுபோல் குறுக்கும் நெடுக்கும் தடுத்தால் ஆளுக்கோர் ஏக்கராக நான்கு தடம், அதாவது நான்கு மேய்ச்சல் பிரிவு கிடைக்கும். அதற்கு 835 அடி வேலி. நடுப்புள்ளியில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினால் நான்கு தடத்துக்கும் பொதுவாகிவிடும்.

கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுப்பதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். பத்தடிக்கு ஒரு கால் என்றால் எண்பதுக்கு மேல் கால்கள், ஐந்து வரிசைக்கு நாலாயிரம் அடிக்கு மேல் கம்பி, மூலைகளுக்கு முட்டுக்கால். பணம் இருந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், மறுநாளே ஆட்டை விடலாம். பின்னால் வேண்டாமென்றால் கல்லைப் பிடுங்கி விற்கலாம், கல்லுக்கு எப்போதும் விலை உண்டு. ஆனால் செம்மறிக்கு முள்கம்பி ஒத்துவராது. கீழ்வரிசை இரண்டுக்கும் நடுவில் தலையை விட்டுத் தள்ளித் தள்ளியே தளர்த்திவிடும். மேச்சேரிக்குப் பேரே அதன் தோலுக்காகத்தான், அதில் கீறல் விழுந்தால் தோல் விலை போகாது. மழைக்காலத்தில் அந்தக் கீறலில் ஈ முட்டையிட்டுப் புழுப்புண் ஆனால் ஆட்டுக்கே ஆபத்து. வலைக்கம்பி போட்டால் இந்தத் தொல்லை இல்லை, செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

சோலார் மின்வேலியை எளிதில் தள்ள முடியாது. பேனல், பேட்டரி, எனர்ஜைசர் என்ற பெட்டி, அதிலிருந்து போகும் கம்பி. பெட்டி ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை பல ஆயிரம் வோல்ட்டில் ஒரு சுண்டு சுண்டும். சுண்டும் நேரம் மிகமிகக் குறைவு என்பதால் வலிக்குமே தவிர உயிர் போகாது. ஈ.பி. லைனிலிருந்து நேரே கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது வேறு விஷயம். அது குற்றம், ஆளையே கொல்லும். காப்புக்காட்டுக்கு அருகில் நிலம் வைத்திருப்பவர்கள் மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023-ல் அரசு விதியும் போட்டிருக்கிறது.

மாடு ஒரு தடவை மூக்கில் அடி வாங்கினால் போதும், அதன்பிறகு ஒற்றைக் கம்பிக்கே நிற்கும். செம்மறிக்கு இரண்டு, மூன்று வரிசை வேண்டும், குட்டிகளைச் சிறிது காலம் பழக்கவும் வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். உண்மையான தொல்லை மண்ணில் இருக்கிறது. கம்பியைத் தொட்ட ஆட்டின் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கி, மண்ணில் அடித்த எர்த் ராடு வழியாகக் கரண்ட் பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி விழும். சித்திரையில் நம் சரளை மண் காய்ந்து கிடக்கும்போது அந்தச் சுற்று முழுமையாவதில்லை. வேலிக்கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் முதல் விளக்கு மட்டும் மினுக்கென்று எரியும். ராடு அடித்த இடத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது ஊறியதும் மறுபடி வைத்தால் விளக்குகள் வரிசையாக ஏறும். குடிக்கும் தண்ணீருக்கே டிராக்டரை எதிர்பார்க்கும் மாதத்தில் தினமும் வேலிக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. ஊற்றினாலும் ஆடு நிற்கும் இடம் காய்ந்துதான் கிடக்கும். ஒரு வரிசையில் கரண்ட்டும் அடுத்த வரிசையில் எர்த்தும் கொடுத்தால் ஆடு இரண்டையும் சேர்த்துத் தொடும்போது அடி விழும். வேலை செய்கிறது, ஆனால் கம்பியும் இன்சுலேட்டரும் கூடுகின்றன. மழைக்காலத்தில் தொல்லை தலைகீழ். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் கரண்ட் அதன் வழியே இறங்கிவிடும், அரிவாளோடு வேலியோரம் நடக்க வேண்டும்.

பேட்டரி திருட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி கிளுவை. நிலத்தை விழுங்குகிறது என்பது பழைய புகார். ஐந்தடி அகலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 835 அடிக்குப் பத்து சென்ட்டுக்குள்தான் வரும். நான்கு ஏக்கரில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஐந்தடியில் புல் இல்லையே தவிர வேறு என்னென்னவோ இருக்கின்றன. கௌதாரி அடைகிறது, கீரி ஓடுகிறது, ஓணான் காய்கிறது. வெயிலில் வேலியோரம் கொஞ்சம் நிழல் கிடைக்கிறது. இவையெல்லாம் உபரி, கிளுவையைத் தேர்ந்தெடுக்க இவை காரணமில்லை.

காரணம் பராமரிப்பு. எந்த வேலியும் ஒருநாள் ஓட்டையாகும். கம்பிவேலி ஓட்டையானால் கடைக்குப் போக வேண்டும். மின்வேலி நின்றுபோனால், பெட்டி உள்ளூரில் சரியாகாது, கூரியரில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை ஆடு தடம் பார்த்து மேயாது. பத்து நாள் எல்லாத் தடத்திலும் ஓடினால் நீங்கள் ஒரு மாதம் ஓய்வு கொடுத்து வளர்த்த தளிர் முழுக்கப் போய்விடும். கிளுவை ஓட்டையானால் பத்தடி தள்ளி அதே வேலியில் ஒரு கிளையை வெட்டிச் சந்தில் ஊன்றுகிறோம். பழுதுபார்க்கும் சாமான் வேலியிலேயே வளர்கிறது. வருடம் ஒருமுறை கவாத்து செய்யும்போது விழும் கிளைப் போத்தெல்லாம் அடுத்த வருட அடைப்புக்கான சரக்கு, தழை ஆட்டுக்குத் தீனி. காசு கையில் இல்லாத வருடத்திலும் வேலி நிற்கும் என்பது சின்னக் குடும்பத்துக்கு லேசான விஷயமில்லை.

கவாத்து என்றால் மேலாகச் சீவிவிடுவது இல்லை. எனக்கு வேலி கட்டிக் கொடுத்த பெரியவர், நான் தயங்கியதைப் பார்த்து, "வெட்டறதுக்கு ரோசனை பண்ணாதீங்க தம்பி. உசரம் போச்சுன்னா அடி ஓட்டையாயிருமுங்க" என்றார். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. வெட்டாமல் விட்ட பழைய எல்லை வேலிகள் ஆள் உயரத்துக்கு மேல் தழைத்து நிற்கும், கீழே முழங்காலளவுக்கு வெறும் தண்டு, நாயும் குட்டியும் தாராளமாகப் போய்வரும். இடுப்பளவில் வெட்டி, பக்கக் கிளைகளை ஒன்றுக்குள் ஒன்று மடக்கிச் செருகினால்தான் அடி அடர்கிறது.

இதில்தான் கிளுவையின் பலவீனமும் இருக்கிறது. இப்படிக் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இளையவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் காங்கேயத்துத் தேங்காய்க் களங்களுக்கும் போகிறார்கள். வேலி கட்ட ஆள் வேண்டுமென்றால் அந்தப் பெரியவருக்காகக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாமே கற்றுக்கொள்ள வேண்டும். நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். என் கை வேலை இன்னும் அவர் வேலைபோல் இல்லை, ஆட்டுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிகிறது.

இன்னொரு பலவீனம் காலம். கட்டைவிரலைவிடத் தடித்த போத்துகளை வெட்டி, நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின், மழைக்கு முன் அடியளவு குழியில் நெருக்கமாக ஊன்றுகிறோம். தண்ணீர் அதிகம் தேங்கினால் அழுகிவிடும். துளிர்த்து, பின்னி, ஆட்டை நிறுத்தும் அளவுக்கு அடர மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை அந்த ஆட்டிடமிருந்தே அதைக் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் தளிர் கண்டால் விடாது. சிலர் வேலியடியில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போடுகிறார்கள். காயோடு போட்டால் ஆடு தின்று, புழுக்கையோடு விதை காடெங்கும் முளைக்கும். அதைத் தோண்டுவது தனி வேலை. உடைமுள் போதும்.

அந்த மூன்று நான்கு வருடத்துக்குத்தான் நான் சோலாரை வாங்கினேன். கிளுவை வரிசைக்கு இரண்டு பக்கமும் கம்பி ஓட்டினேன். கிளுவை நிமிர்ந்தபின் பெட்டியை விற்றுவிடலாம் என்றிருந்தேன், விற்கவில்லை. காரணம் புல்லும் புழுவும்.

நான்கு தடத்தில் வாரம் ஒன்று என்று சுற்றினால் ஒரு தடத்துக்கு ஓய்வு 21 நாள்தான். வடகிழக்குப் பருவமழையில் கொழுக்கட்டை வேகமாக எழும் என்றாலும், கடிபட்ட தூர் தன் சேமிப்பை மறுபடி நிரப்பிக்கொள்ள அது பற்றாது. ஒரு தூரை உட்கார்ந்து பாருங்கள். ஆறு அங்குலம் விட்டு மேய்ந்தது அடியிலிருந்து புதுக் குருத்து விட்டிருக்கும். தரையோடு மேய்ந்தது பக்கத்தில் ஒன்றிரண்டு மெலிந்த இலையோடு நிற்கும், இழுத்தால் அசையும். எத்தனை கால்நடை என்பதைவிட ஒரே புல்லை எத்தனை நாள் கழித்து மறுபடி கடிக்கிறது என்பதே கணக்கு என்று பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வுவாசேன் 1950-களிலேயே வாதிட்டார். பச்சைப் புல்வெளி நாட்டில் சொன்னது, நம் சரளைக்கும் பொருந்துகிறது.

ஒவ்வொரு தடத்தையும் மின்கம்பியால் பாதியாக்கினால் எட்டுத் தடம். ஐந்து நாளுக்கு ஒரு தடம் என்றால் ஓய்வு 35 நாள். இந்த ஐந்து நாளுக்கு வேறொரு பயனும் உண்டு. செம்மறியின் இரத்தம் குடிக்கும் குடற்புழுவின் முட்டை புழுக்கையோடு விழுந்து, ஈரமும் சூடும் இருந்தால் ஐந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய குஞ்சாகிப் புல்லில் ஏறும். அதற்குள் ஆட்டை நகர்த்திவிட்டால், திரும்பி வரும்போது பெரும்பகுதி செத்திருக்கும். முழுக்கச் சாகாது என்பதால் மருந்தே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கண் இமையின் உட்புறத்தைத் தாழ்த்திப் பார்த்து, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கிறேன்.

எட்டுத் தடம் தேவைப்படுவது மழைக்காலத்தில். மண் ஈரமாக இருந்து மின்வேலி ஒழுங்காக அடிப்பதும் அப்போதுதான். கோடையில் கம்பியைச் சுருட்டி வைத்துவிடலாம். அப்போது புல் மறுபடி எழப்போவதில்லை, சோளத்தட்டும் வெள்வேலங்காயும்தான் தீனி, தூரைக் காப்பாற்ற நான்கு தடமே போதும். இரண்டு வேலியும் ஒன்றின் குறையை மற்றது மூடுகிற மாதிரி அமைந்தது எனக்கே எதிர்பாராத லாபம். மழையே பொய்க்கும் வருடத்தை இந்த அமைப்பு இன்னும் பார்க்கவில்லை, அதனால் அந்த இடத்தில் என் சொல்லைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் விஷயத்தில் மூன்று தடுப்பையும் நம்ப வேண்டாம். இந்த வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறுவதும், செத்த ஆட்டோடு விவசாயிகள் சாலையில் உட்காருவதும் செய்தித்தாளில் வந்தவைதான். உள்தடுப்பு பகல் மேய்ச்சலுக்கு மட்டும். ராத்திரிப் பட்டிக்கு வலைக்கம்பி போட்டேயாக வேண்டும், அந்த ஒரு செலவில் கை சுருக்கக் கூடாது.

குத்தகைக் காட்டுக்காரர்களுக்கு மட்டும் என் தேர்வு பொருந்தாது. அடுத்த வருடம் ஏலத்தில் கை மாறக்கூடிய நிலத்தில் கிளுவை ஊன்றினால், அடரும்போது அது வேறொருவர் வேலியாக இருக்கும். அவர்கள் சோலாரையே வாங்கலாம். பெட்டி, பேனல், கம்பிச் சுருள் எல்லாம் ஒரு டெம்போவில் ஏறிவிடும். கோடைக்கு எர்த் வரிசையோடு சேர்த்தே வாங்குங்கள். ராடை மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியோரத்தில் அடியுங்கள், சிந்துகிற தண்ணீரே அந்த இடத்தையாவது ஈரமாக வைத்திருக்கும்.