மினியேச்சர் வீட்டு வேலையை வெளியே கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள் (திருகோணமலை)

என் பொம்மை வீட்டின் அட்டிக்கை, அதாவது கூரைக்குக் கீழே வரும் அறையை, நம்ம ஊரில் லேசர் கட்டிங் செய்கிற ஒருவரிடம் கொடுத்து 45,000 ரூபாய் ஏமாந்துவிட்டேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு முகநூலில் இன்னொரு பக்கம் தொடங்க அவருக்கு ஒரு நாள் போதும். ஆனால் அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால், எந்தப் பெயரில் வந்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியும். அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

முதலில் இந்த வீடு ஏன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பொம்மை வீட்டுக்கு இவ்வளவு காசா" என்று ஏற்கெனவே பலர் கேட்டுவிட்டார்கள். இங்கே கடற்படைத் தளம் வெள்ளைக்காரர் கையில் இருந்த காலத்தில் (1957இல்தான் அது நம் நாட்டுக்குக் கைமாறியது) என் அம்மம்மா ஓர் அதிகாரி வீட்டில் ஆயாவாக வேலை செய்தவர். அந்த வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பெரிய பொம்மை வீடு இருந்ததாம், அதைத் தூசு தட்டுவது அம்மம்மாவின் பொறுப்பு. அதன் உச்சியில் சரிவுக் கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதற்குள் ஓர் இரும்புக் கட்டில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வேலைக்காரப் பொம்மை. "அந்தப் பொம்மைக்கும் கட்டில் வச்சிருந்தவங்கள் பிள்ளை, எனக்குத்தான் பாய்" என்று அம்மம்மா சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கு அது மறக்கவே இல்லை.

அதனால் விக்டோரியா காலத்து வீடு ஒன்று, அதன் அட்டிக்கில் அம்மம்மாவுக்கு ஒரு கட்டில், இதுதான் திட்டம். விக்டோரியா மகாராணியின் காலம் 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்து வசதியான இங்கிலாந்து வீடுகளில் வேலைக்காரர் படுப்பது பெரும்பாலும் அட்டிக்கில்தான். கீழே வரவேற்பறையில் எவ்வளவு ஆடம்பரம் இருந்தாலும் மேலே ஓர் இரும்புக் கட்டில், முகம் கழுவ ஒரு கிண்ணமும் குவளையும், சொந்தச் சாமான் வைக்க ஒரு ட்ரங்குப் பெட்டி, அவ்வளவுதான். அளவு 1:12, அதாவது உண்மையான ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். 1924இல் முடிக்கப்பட்டு இப்போது விண்ட்சர் கோட்டையில் இருக்கிற மேரி ராணியின் பொம்மை வீடும் இதே அளவில்தான் செய்யப்பட்டது. கீழ்த்தளம், மேல்தளம், மாடிப்படி எல்லாம் எட்டு மாதத்தில் நானே செய்தேன். அட்டிக்கின் தளபாடங்களும் தயார். கட்டில் பைண்டிங் கம்பியில் செய்தது, ட்ரங்குப் பெட்டி பழைய கைப்பையின் தோலில் செய்தது, போர்வை அம்மம்மாவின் நூல் சேலையின் முந்தானைத் துண்டு.

கூரையில்தான் மாட்டிக்கொண்டேன். நான் எடுத்தது மான்சார்ட் கூரை. கீழ்ப்பாதி கிட்டத்தட்டச் சுவர் மாதிரிச் செங்குத்தாக ஏறும், மேல்பாதி படுத்த மாதிரிப் போகும், கீழ்ப்பாதியில் இரண்டு டோர்மர் யன்னல்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முன்பக்கச் சரிவும் பக்கச் சரிவும் மூலையில் சேருகிற இடத்தில் பலகையின் விளிம்பை இரண்டு பக்கக் கோணத்துக்கும் பார்த்துச் சீவ வேண்டும். சும்மா 45 பாகையில் வெட்டினால் இடைவெளி விழும். என் சின்ன வாளுக்கு அது சரிவரவில்லை, மூன்று முறை பலகையை வீணாக்கினேன். அப்போதுதான் இந்தத் தம்பியின் பக்கம் கண்ணில் பட்டது. கேடயம், பெயர்ப்பலகை வெட்டுகிறவர், "மினியேச்சர் வீடுகளும் செய்து தரப்படும்" என்று படங்களோடு போட்டிருந்தார்.

அந்தப் படங்களைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு படத்தில் சின்னக் கட்டிலுக்குப் பக்கத்தில் அளவு தெரிவதற்காக ஒரு நாணயம் வைத்திருந்தது. போன மாதம்தான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்ம ஊர்க் காசு இல்லை, பிரித்தானிய மகாராணியின் தலை போட்ட பென்னி. யாரோ ஒருவர் எங்கோ பொறுமையாகச் செய்த வேலையின் படத்தை எடுத்துத் தன்னுடையது என்று போட்டிருக்கிறார். தயவுசெய்து படத்தைப் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். செய்த சாமானைக் கையில் தரச் சொல்லுங்கள், ஒரு யன்னல் சட்டம் என்றாலும் போதும்.

ஜூலை மாதம் வரைபடமும் 25,000 ரூபாயும் கொடுத்தேன். 3 மில்லிமீற்றர் பேர்ச் பிளைவுட், யன்னல் இரண்டு, ஒரு கதவு, சுமார் 600 செதில் ஓடு, உள்ளே வோல்பேப்பர், இரண்டு லைட், எல்லாம் பேசி முடிவு. "நாலு கிழமையில தாறன் அக்கா, இம்போர்ட் பலகை, ஆயுசுக்கும் அசையாது" என்றார். இரண்டு கிழமையில் பலகை விலை ஏறிவிட்டதாகச் சொல்லி இன்னும் 12,000 வாங்கினார். அதன் பிறகு லேசர் டியூப் போய்விட்டது, கொழும்பில் இருந்து பலகை வரவில்லை, அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஒன்று மாற்றி ஒன்று. அம்மாவைச் சொன்னபோது நான் அவருக்கு ஆறுதல் சொல்லி ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு வந்தார். பெட்டிக்குள் பபிள் ரப் சுற்றி, மேலே டேப் ஒட்டி வைத்திருந்தது. மிச்சம் 8,000 கையில் கொடுத்தால்தான் இறக்குவேன், அவசரமாகக் கிண்ணியா போக வேண்டும் என்றார். நான் கொடுத்துவிட்டேன். பெட்டியைத் திறக்காமல் ஒரு சதமும் கொடுத்திருக்கக் கூடாது.

திறந்தவுடன் முதலில் கண்ணில் பட்டது யன்னல் கண்ணாடி. கண்ணாடி என்றால் மெல்லிய அசிற்றேற் தாள், அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள்தான், ஆனால் அது முழுக்கப் பனிமூட்டம் மாதிரி வெள்ளையாகப் படிந்து, கண்புரை விழுந்த கண் மாதிரி இருந்தது. சுப்பர் குளூ போட்டு ஒட்டினால் அதன் ஆவி பக்கத்தில் இருக்கிற வழுவழுப்பான இடத்தில் படிந்து இப்படித்தான் வெளுக்கும், துடைத்தாலும் போகாது. யன்னலுக்குச் சுப்பர் குளூ கூடாது என்பது இந்த வேலையில் இரண்டு நாள் இருந்தவருக்கே தெரியும்.

அடுத்தது கதவு. அந்தக் கட்டிலுக்காக வைத்திருக்கிற அம்மம்மா பொம்மை ஐந்து அங்குல உயரம். கதவின் உயரம் ஐந்து அங்குலம்கூட இல்லை! பொம்மையை நிற்க வைத்தால் நெற்றி நிலையில் முட்டுகிறது. ஆறரை அடிக் கதவு 1:12இல் ஆறரை அங்குலம் வர வேண்டும், 1:16இல்தான் ஐந்துக்குக் கீழே போகும். என்ன நடந்தது என்பது கூரையைத் திருப்பிப் பார்த்தபோது விளங்கியது. இலவசமாகக் கிடைக்கிற 1:16 வரைபடம் ஒன்றை எடுத்து, வெளிச்சுவரையும் கூரையையும் மட்டும் என் அளவுக்கு இழுத்துவிட்டு, கதவையும் யன்னலையும் அப்படியே விட்டிருக்கிறார். இழுத்ததில் இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற துளைகள் 3 மில்லிமீற்றராக இருந்தவை 4 மில்லிமீற்றராகப் பெருத்துவிட்டன, பலகையோ அதே 3தான். எல்லா மூட்டும் லொடலொட என்று ஆட, இடைவெளி முழுக்கக் குளூ கன்னால் நிரப்பி வைத்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தால் மெழுகு வடிந்த மாதிரிக் கட்டி கட்டியாக நிற்கிறது.

நான் எதற்காக இந்த வேலையை வெளியே கொடுத்தேனோ அந்த மூலைச் சரிவு இருக்கிறதே, அங்கே ஒன்றுமே செய்யவில்லை. லேசர் நேர்செங்குத்தாகத்தான் வெட்டும், விளிம்பில் சரிவு வர வேண்டும் என்றால் பிறகு கையால்தான் சீவ வேண்டும் அல்லது தேய்க்க வேண்டும். அவர் வெட்டினபடியே சேர்த்து, நடுவில் விழுந்த பிளவைப் பட்டிப் பசை வைத்து மூடி மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். லேசர் மெஷின் இருக்கிறது என்பதற்காக ஒருவருக்குக் கூரை செய்யத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். விளிம்பை எப்படிச் சரிவாக்குவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் "அதெல்லாம் பாக்கலாம் அக்கா" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

உடனே போன் எடுத்தேன். "கொஞ்சம் செட் ஆகட்டும் அக்கா, பெயின்ட் காய்ஞ்சா எல்லாம் சரியாகும்" என்றார். சரி, அளவு பிழை என்றாலும் பலகையாவது நல்ல பலகை, கழற்றித் திரும்பப் பாவிக்கலாம் என்று நினைத்தேன்.

நவம்பரில் மழை தொடங்கியது. நம்ம ஊர் வாடைக்காற்று மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அலுமாரிக்குள் மடித்து வைத்த துணியே ஈரமாகும். வீட்டுக்குள், யன்னலில் இருந்து தள்ளி, மேசை மேல்தான் வைத்திருந்தேன். பத்து நாளில் கூரையின் அடிவிளிம்பு ஊறின பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. நகத்தால் கீறினேன், பழுப்பு மாவாக உதிர்ந்தது. பிளைவுட் என்றால் விளிம்பில் அடுக்கு அடுக்காக மரம் தெரிய வேண்டும். இது எம்டிஎப், மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பலகை, மேலே மரக்கோடு போட்ட ஸ்டிக்கர். விளிம்பு தெரியக் கூடாது என்றுதான் அந்தக் கறுப்புப் பெயின்ட். எம்டிஎப் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காக சீலர், அதாவது ஈரம் புகாமல் மூடுகிற பூச்சு, அடித்தால் அதிலும் நல்ல வீடு கட்டலாம், எத்தனையோ பேர் கட்டுகிறார்கள். ஆனால் விளிம்பு மூடாத எம்டிஎப் ஈரத்தைக் குடித்து ஒருமுறை உப்பினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அதைப் பிளைவுட் விலையில் விற்பது சுத்தப் பொய்.

ஓடுகளும் அதே கதைதான். மெல்லிய மர ஓடுகளைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒட்டினால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துச் சுருளும். வரிசை வரிசையாக நுனி நிமிர்ந்து, கோழி இறகைச் சிலிர்த்த மாதிரி நின்றன. வோல்பேப்பரைச் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்து ஈரப் பசையில் ஒட்டியதால் சின்ன நீலப் பூக்கள் எல்லாம் கரைந்து ஒழுகியிருந்தன. லைட்டை ஒரே ஒரு நாள்தான் போட்டேன். விட்டு விட்டு எரிந்தது, சுவரில் கை வைத்தால் ஓர் இடம் சூடாக இருந்தது. சுவரைப் பிரித்துப் பார்த்தால் வயரை முறுக்கிச் செலோடேப் சுற்றி, அதன் மேல் பலகையை ஒட்டி மூடியிருக்கிறார். 12 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள், சோர்ட் ஆனால் கம்பி சூடேறும், சுற்றி இருப்பது முழுக்கக் காகிதமும் மரத்தூளும். இதைப் பிள்ளைக்கு விளையாட வாங்கின ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தேன், நெஞ்சு பதறிவிட்டது. வயர் மூட்டைத் திறந்து பார்க்க வழி வைக்காத எந்த வீட்டையும் வாங்காதீர்கள்.

படங்கள் எல்லாம் அனுப்பிப் பாதிக் காசாவது திருப்பிக் கேட்டேன். "நீங்கதான் மழையில வச்சிருப்பீங்கள்" என்று ஒரு பதில், அதோடு பிளாக். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன், பற்றுச்சீட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது வாட்ஸ்அப் செய்திகளும், ஒரு தனியாள் கணக்குக்குக் காசு போட்ட இரண்டு வங்கித் துண்டும்தான், கடைசி 8,000க்கு அதுவும் இல்லை. இருந்ததை எல்லாம் சேர்த்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுப்பதென்றால் பலகையின் வகை, தடிப்பு, 1:12 என்ற அளவு, முடித்துத் தரும் திகதி எல்லாம் எழுதின பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பலகையில் உள்ளங்கையளவு துண்டு ஒன்றை முதலே வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் தெரிந்துவிடும்.

என் வீட்டுக்கு இப்போது வேறு கூரை வந்துவிட்டது. திருக்கடலூரில் ஒரு காலத்தில் வள்ளம் கட்டின வயதான ஓடாவி ஒருவரிடம் போனேன். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வள்ளத்தைக் கவிழ்த்து வச்ச மாதிரித்தானே பிள்ளை" என்றார். முதலில் மட்டையில் வெட்டிச் சேர்த்துப் பார்த்தார், பிறகு ஈரம் தாங்குகிற 4 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டில் வெட்டி, மூலை விளிம்பைச் சீவுளியால் ஒவ்வொரு இழையாகச் சீவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார். ஒரு கடதாசிகூட நுழையாது. 6,000 ரூபாய் கேட்டார், நான் வற்புறுத்திக் கூடக் கொடுத்தேன். உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட் சாண்டிங் சீலர் நானே அடித்தேன், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும்.

ஓடுகளை இந்தமுறை தண்ணீர் கலக்காத கொன்டாக்ட் (contact) பசையில் ஒட்டுகிறேன். முக்கால் அங்குலத்துக்கு ஒரு பென்சில் கோடு, அடிவிளிம்பில் இருந்து மேல்நோக்கி, ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசையின் நடுவில் வருகிற மாதிரி. முன்பக்கம் முடிந்துவிட்டது, இடப்பக்கத்தில் ஐந்து வரிசை மிச்சம். வோல்பேப்பர் ஒட்டவில்லை, வேலைக்காரர் அறைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு நிறமே பொருத்தம் என்று விட்டுவிட்டேன். கட்டிலை நேற்று இரவு டோர்மர் யன்னலுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அம்மம்மாவை ஓட்டு வேலை முடிந்த பிறகுதான் படுக்க வைப்பேன்.