நியாயக் கோட்பாடா, சம நேர விதியா?

அமெரிக்க ஊடகங்கள் கட்சி பிரிந்து கிடப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால், "1987-ல் அந்த விதியை எடுத்ததுதான் காரணம்" என்று யாராவது சொல்லிவிடுவார். அவர் சொல்வது நியாயக் கோட்பாட்டை. சம நேர விதியும் அதுவும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் ஒன்று எப்போதோ போய்விட்டது. இன்னொன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இருப்பது சம நேர விதி. 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 315-ஆம் பிரிவு. ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால், அதே பதவிக்குப் போட்டியிடும் மற்றவர்கள் கேட்கும்போது அதே நிபந்தனையில் கொடுக்க வேண்டும். இலவசம் என்றால் இலவசம், காசு என்றால் அதே காசு. 2024 நவம்பர் 2-ல் என்.பி.சி.யின் நகைச்சுவை நிகழ்ச்சியில் கமலா ஹாரிஸ் சிறிது நேரம் தலைகாட்டினார். மறுநாளே கார் பந்தய ஒளிபரப்பில் டிரம்ப்புக்கு இலவச நேரம் போய்ச் சேர்ந்தது. வழக்கு, விசாரணை எதுவும் தேவைப்படவில்லை.

நியாயக் கோட்பாடு அப்படியல்ல. ஒளிபரப்பை மேற்பார்க்கும் எஃப்.சி.சி. ஆணையம் 1949-ல் வகுத்த அது, வேட்பாளரை விட்டுவிட்டு விஷயத்தைப் பார்த்தது. நிலையங்கள் சர்ச்சையான பொது விவகாரங்களைப் பேச வேண்டும், எதிர்க்கருத்துக்கும் இடம் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது சர்ச்சை, எவ்வளவு இடம் போதும் என்று முடிவு செய்வது அரசு ஆணையம். வம்பு எதற்கு என்று சர்ச்சையையே தொடாமல் விடத்தான் இது நிலையங்களைத் தூண்டியது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 1969-ல் ரெட் லயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோட்பாட்டை ஏற்றது. அலைவரிசைகள் குறைவு, எல்லோருக்கும் உரிமம் கிடைக்காது என்பது முக்கியக் காரணம். 1987-ல் அதைச் சட்டமாக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுப்பிய மசோதாவை அதிபர் ரீகன் தடுத்தார். ஆகஸ்டில் ஆணையமே கோட்பாட்டைக் கைவிட்டது. அடுத்த வருடமே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலிப் பேச்சு நாடு முழுக்கப் போனது.

அதனால் நியாயக் கோட்பாடு திரும்ப வராதா என்ற ஏக்கம் புரிகிறது. ஆனால் வலதுசாரிச் செய்திச் சேனலான ஃபாக்ஸ் நியூஸ் கேபிளில் வருவது. அலைவரிசைக் காரணம் அங்கே எடுபடாது. கோட்பாட்டை நாளையே திரும்பக் கொண்டுவந்தாலும் அந்தச் சேனலைத் தொட முடியாது.

என் ஓட்டு சம நேர விதிக்கு. கருத்தை எடை போடாமல் நிமிடத்தை எண்ணுகிறதே, அது போதும். ஓட்டைகள் இல்லாமலில்லை. 1959 திருத்தம் செய்திகளுக்கும் செய்திப் பேட்டிகளுக்கும் விலக்குத் தந்தது. 1960-ல் கென்னடி-நிக்சன் விவாதத்தில் சிறு கட்சி வேட்பாளர்கள் பங்கு கேட்காமலிருக்க, அதிபர் தேர்தலுக்கு மட்டும் விதியையே நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் இணையம். கமலாவின் அந்த ஒன்றரை நிமிடத்துக்குக் கணக்குப் பார்த்த சட்டம், அதற்கு ஒரு வாரம் முன்பு ஜோ ரோகனின் பாட்காஸ்டில் டிரம்ப் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசியதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.