ட்ராக்கா, பைபாஸா, வாய்க்கால் கரையா: பாளையங்கோட்டைல ஓடுறவங்களுக்கு எது சரி?

எங்க ஓடுதன்னு யாராவது கேட்டா முன்னாடி ஸ்டேடியத்துலன்னு ஒரே வார்த்தைல சொல்லிருவேன். இப்ப அப்படி சொல்ல முடியல. மூணு வருசமா 10 கிலோமீட்டர், ஆஃப் மாரத்தான்னு ஓடிக்கிட்டு இருக்கேன், அதுல முதல் ஒன்றரை வருசம் முழுக்க பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம் ட்ராக், அப்புறம் ஒரு ஆறு மாசம் பைபாஸ், இப்ப பெரும்பாலும் பாளையங்கால்வாய் கரை. மூணுலயும் ஓடி, வலி வாங்கி, ரேஸ்ல போய் நின்னு பாத்துட்டுதான் இதை எழுதுதேன்.

முதல்ல ட்ராக். அளவு சுத்தமா தெரியும், உள் லேன்ல ஒரு சுத்து 400 மீட்டர், ரெண்டரை சுத்துக்கு ஒரு கிலோமீட்டர். வாட்ச்ச நம்ப வேண்டாம், ட்ராக்ல ஜிபிஎஸ் வளைவுக்கு வளைவு அலையும், பத்து சுத்துக்கு 4.2ன்னு காட்டும், அதைப் பாத்து பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகுற நேரம்) நல்லா இருக்குன்னு ஏமாறக்கூடாது. அதே மாதிரி கடைசி லேன்ல ஓடுனா ஒரு சுத்து 450 மீட்டருக்கு மேல வரும், நிறைய பேர் அதையும் 400ன்னே எண்ணிட்டு நேரம் கூடிருச்சேன்னு வருத்தப்படுவாங்க. வேகப் பயிற்சிக்கு இதுக்கு மிஞ்சி நம்ம ஊர்ல இடமே கிடையாது. 400 மீட்டர் எட்டு தடவை, நடுவுல 200 மீட்டர் மெதுவா ஓட்டம், இதை வாரத்துக்கு ஒரு நாள் செஞ்சா போதும், ரெண்டு மாசத்துல கால் வேற மாதிரி எழும்பும்.

ஆனா நான் செஞ்சது வாரத்துக்கு அஞ்சு நாளும் அங்கதான். அங்க மெதுவா ஓடவே முடியாது, அதுதான் அந்த இடத்தோட குணம். ஸ்கூல் பிள்ளைங்க அடில ஆணி வச்ச ஸ்பைக்ஸ் ஷூ போட்டுக்கிட்டு பக்கத்துல சர்ருன்னு போகும், பி.டி. சார் விசில் ஊதுவாரு, போலீஸ் செலக்‌ஷனுக்கு வர்ற பையங்க 1500 மீட்டர் டைம் வச்சு உயிரக் குடுத்து ஓடுவாங்க, நம்ம கால் நம்ம பேச்ச கேக்காது. ஈசி ரன்னுன்னு போவேன், மூணாவது சுத்துல யாரையாவது தொரத்திக்கிட்டு இருப்பேன். தினமும் அரை ரேஸ். அப்புறம் எப்பவும் இடது பக்கமே திரும்புற வளைவு, இருபத்தஞ்சு சுத்து ஓடுனா அம்பது வளைவு, எல்லாம் ஒரே பக்கம். ஒரு மாசம் கிலோமீட்டரையும் சேத்து ஏத்துனேன், இடது கால்ல முழங்காலுக்கு கீழ எலும்பு ஓரமா விரல வச்சு அமுக்குனா உயிர் போற வலி. மூணு வாரம் ஓட்டமே இல்ல. வளைவு மேல மட்டும் பழி போட மாட்டேன், ஆனா அதுக்கு அப்புறம் நீள ஓட்டத்துக்கு ட்ராக் பக்கம் போகல.

வ.உ.சி. மைதானமும் இருக்கேன்னு கேப்பீங்க. நடக்கிறவங்களுக்கு அருமையான இடம், ஓடுறதுக்குன்னா கூட்டத்துல வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். அத விட்டுருவோம்.

பைபாஸ். கே.டி.சி. நகர்ல ஆரம்பிச்சு ரெட்டியார்பட்டி பக்கம் போறது. சிக்னல் கிடையாது, நீளமா ஒரே மூச்சுல போகலாம், ரெட்டியார்பட்டி மலையை வெட்டி ரோடு போட்டிருக்கிற இடத்துல ஒரு ஏத்தம் வரும், தட்டையான நம்ம ஊர்ல அந்த ஏத்தம் கிடைக்கிறதே பெருசு. ரேஸ் நடக்கிறதும் தார் ரோட்டுலதான், அதனால கால் தாருக்கு பழகணும், அதுல மாத்துக் கருத்து இல்ல. ரேஸுக்கு முன்னாடி நாலஞ்சு வாரம் ஞாயித்துக்கிழமை இங்க 14, 16ன்னு ஓடுனா அன்னைக்கு கால் அதிராது.

குறை என்னன்னா முதல்ல உயிர் பயம். விடிய நாலே முக்காலுக்கு லாரிக்காரரு தூக்கக் கலக்கத்துல வருவாரு, சர்வீஸ் ரோட்டுல எதிர்ப்பக்கமா லைட்டே இல்லாம பைக் வரும். வண்டி வர்ற திசைய பாத்து ஓடணும், ஒளிரும் பட்டை போட்ட சட்டை இல்லாம போகவே கூடாது, காதுல பாட்டு கூடாது. ரெண்டாவது, ரோட்டு ஓரம் சரிவா இருக்கும் தண்ணி வடியுறதுக்காக, அந்த சரிவுல ஒரே பக்கம் பத்து கிலோமீட்டர் ஓடுனா ஒரு கால் தாழ, ஒரு கால் ஒசர, முழங்கால் வெளிப்பக்கம் புடிக்கும். மூணாவது ஆனி ஆடிக் காத்து. மேக்க செங்கோட்டை பக்கம் மலை இடுக்குல இருந்து வர்ற காத்து பைபாஸ்ல பக்கவாட்டுல அடிக்கும், மண்ண வாரி கண்ணுல போடும், எந்தப் பக்கம் திரும்புனாலும் லாபம் இல்ல.

இப்ப வாய்க்கால் கரை. மேலப்பாளையம் தாண்டி மேக்க போனாத்தான் கரை ஓடுற மாதிரி இருக்கும், ஊருக்குள்ள வாய்க்கால் இருக்கிற நிலைமைய பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, தாமிரபரணித் தண்ணி வர்ற வாய்க்கால்ல பிளாஸ்டிக்கும் சாக்கடையும் விடுறத பாத்து பாத்து எனக்கு ஆறவே இல்ல. ஆனா வெளிய போயிட்டா வேற உலகம். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல், நடுவுல ரெண்டு சக்கரத் தடம், தடத்துக்கு நடுவுல புல்லு. மண்ணு கால வாங்கி விடும், தார் மாதிரி திருப்பி அடிக்காது. கென்யாவுல இட்டென்னு ஒரு ஊரு, கடல் மட்டத்துல இருந்து 2400 மீட்டர் ஒசரத்துல, உலகத்துல முன்னால நிக்கிற ஓட்டக்காரங்க நிறைய பேர் அங்க செம்மண் பாதைலதான் கிலோமீட்டர் சேக்காங்க. நம்மகிட்ட அந்த ஒசரம் இல்ல, ஆனா மண்ணு இருக்கு. (தேரிக்காடும் செம்மண்தானேன்னு ஒரு தம்பி கேட்டான். அது கால் புதையுற மணல்ப்பா, கெண்டைக்காலுக்கு பலம் வரும், கிலோமீட்டர் சேக்க அது ஆகாது.)

கரைல எனக்கு கிடைச்ச பெரிய லாபம் மெதுவா ஓடக் கத்துக்கிட்டது. பாக்க ஆள் இல்ல, தொரத்த ஆள் இல்ல. கரைல தினமும் நடக்கிற ரிட்டயர்ட் அண்ணாச்சி ஒருத்தர், என்ன தாண்டும்போதெல்லாம் “தம்பி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”ன்னு கேப்பாரு, நிக்க மாட்டேன், ஓடிக்கிட்டே “சௌக்கியந்தான் அண்ணாச்சி, நீங்க டீ குடிச்சாச்சா?”ன்னு கேட்டுட்டுப் போவேன். மூச்சு திணறாம அந்த வாக்கியம் முழுசா வந்தா அன்னைக்கு வேகம் சரி. ஈசி ரன்னுக்கு உலகம் முழுக்க சொல்ற பேச்சுச் சோதனை இதுதான். ஆரம்பத்துல “சௌக்கியந்”னோட நின்னுரும். அப்ப ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிசத்துல ஓடிக்கிட்டு இருந்தேன், 7க்கு இறக்கி ஒரு மாசம் ஓடுன பிறகுதான் முழு வாக்கியமும் வந்துச்சு.

கரைக்கும் குறை உண்டு. முள்ளு. சீமைக்கருவேல வெட்டிப் போட்டு இழுத்துட்டுப் போயிருப்பாங்க, விரல் நீளத்துக்கு ஒரு முள்ளு மெத்துன்னு இருக்கிற ஷூ அடிய துளைச்சு உள்ளங்கால்ல ஏறிருச்சு. கழட்டிப் பாத்தா வெளிய ஒரு கருப்புப் புள்ளி மட்டும் தெரியுது, முழு முள்ளும் ரப்பருக்குள்ள. ஊக்க வச்சு நோண்டி எடுத்துட்டு மூணு கிலோமீட்டர் நடந்தே வந்தேன், அன்னைக்கே டிடி ஊசி. பந்தய ஷூ, அடி ஒசரமா நுரை வச்சது, அதெல்லாம் கரைக்கு போடாதீங்க, அடி கெட்டியான பழைய ஷூ போதும். மழை பேஞ்சா களி ஒட்டி ஒவ்வொரு காலும் அரைக் கிலோ கூடிரும், 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் பல மாசம் கரை கரையா இல்ல. பாம்பு உண்டு, வெளிச்சம் வந்த பிறகு போங்க. பொம்பளப் பிள்ளைங்க தனியா போக வேண்டாம், ரெண்டு மூணு பேரா போங்க, அந்த ஒரு விசயத்துல ஸ்டேடியந்தான் எப்பவும் மேல.

காத்து விசயத்துல கரை ஜெயிக்கும். முதல் பாதி மேக்க காத்த எதுத்து, திரும்பும்போது முதுகுல காத்து. களைச்ச நேரத்துல காத்தே தள்ளிக்கிட்டு வரும்.

ரேஸ்ல என்ன ஆச்சுன்னு கேட்டா, ட்ராக்லயே கெடந்த காலத்துல என் 10 கிலோமீட்டர் 58 நிமிசம். வாரத்துல மூணு நாள் கரை, ஒரு நாள் ட்ராக், ஞாயிறு மாத்தி மாத்தி கரையும் பைபாஸும்னு வச்ச பிறகு ஒரு வருசத்துல 52. ஆனா ரெண்டும் சரியா அளந்த ரேஸ்தானான்னு பாக்கணும், ஏன்னா நம்ம பக்கம் 5 கிலோமீட்டருக்கும் மாரத்தான்னுதான் பேரு வைக்காங்க, மாரத்தான்னா 42.195 கிலோமீட்டர். முறையா அளக்கிறவங்க சைக்கிள் சக்கரத்துல கவுண்டர் மாட்டி, ஓடுறவன் போகக்கூடிய ஆகக் குறுகுன வழியா ஓட்டி, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டி வைப்பாங்க, தூரம் குறைஞ்சிரக் கூடாதுன்னு. நான் ஓடுன ஒரு 10 கிலோமீட்டர் ரேஸ்ல எல்லாரு வாட்ச்சும் 9.3ல நின்னுச்சு, 47 நிமிசம்னு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. அதை நான் கணக்குல சேக்கல. காசு கட்டி, விடிய மூணு மணிக்கு எந்திரிச்சு பஸ் புடிச்சு வர்றவனுக்கு சரியான தூரத்தையாவது குடுக்கணும்.

இன்னொண்ணு, பங்குனி சித்திரைல இந்தக் கணக்கெல்லாம் மாறும். அறுப்பு முடிஞ்சு வாய்க்கால்ல தண்ணி நின்னுரும், கரை பாறை மாதிரி இறுகிரும், ஆறரைக்கே வெயில் ஏறிரும். வானிலை அறிக்கைல பாளையங்கோட்டை 100 டிகிரி தாண்டுச்சுன்னு வர்ற மாசம் அது. அப்ப நான் தூரத்த பாதியாக்கிட்டு ட்ராக்குக்கே போயிருவேன், வீட்டுக்கு வந்து உப்பு போட்ட நீச்சத்தண்ணி ரெண்டு சொம்பு. வெயிலுக்கு உடம்பு பழக பத்து பதினாலு நாள் ஆகும், அது வரைக்கும் வாட்ச்ச பாக்கிறதில்ல. கார் சாகுபடிக்கு பாபநாசத்துல தண்ணி திறந்துட்டாங்கன்னு பேப்பர்ல வந்ததும் அந்த வாரமே மறுபடி கரைக்கு.